வேறுபாட்டில் பிறக்கும் பொருள்: மொழி, அடையாளம் பற்றி ஓர் அறிமுகம்

வலி, வளி, வழி. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொடக்கமும் முடிவும் ஒன்றுதான். நடுவில் நாக்கு செய்யும் வேலை மட்டும் மாறுகிறது. ல சொல்லும்போது நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொடுகிறது. ள சொல்லும்போது பின்னோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ழ சொல்லும்போதும் வளைகிறது, ஆனால் எதையும் தொடுவதில்லை. இந்தச் சிறு நகர்வில் துன்பம் காற்றாகி, காற்று பாதையாகிவிடுகிறது.

ல என்ற ஒலிக்குள் துன்பம் ஏதும் ஒளிந்திருக்கவில்லை. ‘கலை’யிலும் ‘பல’விலும் அதே ல வருகிறது. ‘வலி’யில் அது செய்யும் ஒரே வேலை, ‘நான் ள இல்லை, ழ இல்லை’ என்று காட்டுவதுதான். பொருள் வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது என்று மொழியியலிலும் தத்துவத்திலும் சொல்லப்படுவதன் அடித்தளம் இவ்வளவு எளியது. கருத்து ஒலியோடு நிற்பதில்லை. சொல், சொற்களின் அணிவகுப்பு, கடைசியில் ‘நான் யார்’ என்ற கேள்வி வரை போகிறது. ஒலியிலிருந்தே படிப்படியாக ஏறினால் குழப்பம் குறைவு. நேராக அடையாளத்தில் தொடங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் வழி தவறுகிறார்கள்.

மாற்றிப் பார்க்கும் சோதனை

ஒரு மொழியில் எந்த ஒலி வேறுபாடு பொருளைத் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சொல்லை எடுங்கள். ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு ஒலியை மட்டும் மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த மொழியைப் பேசுகிறவர் அதை வேறு சொல்லாகக் கேட்கிறாரா? கேட்டால் அவை இரண்டு தனி ஒலியன்கள். ‘அதே சொல்தான், கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறீர்கள்’ என்றால் ஒரே ஒலியனின் இரண்டு மாற்றொலிகள்.

தமிழில் க என்ற எழுத்தை இப்படிச் சோதிப்பது சுவையானது. கல், தங்கம், பகல் என்ற மூன்றிலும் க ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. முதலாவதில் அழுத்தமாக வெடிக்கிறது; இரண்டாவதில் குரல்நாண் அதிர்வோடு வருகிறது; மூன்றாவதில் பலர் வாயில் ஏறத்தாழ ஹ ஆகவே கரைந்துவிடுகிறது. ஆனால் தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாடுகளை நாம் பொருட்படுத்துவதே இல்லை. எந்த இடத்தில் எது வரும் என்பது முன்பே தீர்மானமாகிவிட்டதால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுப் புதுச்சொல் உண்டாக்க முடியாது. இந்தியிலோ காது, சுரங்கம், பாட்டு ஆகிய மூன்றுக்கும் உரிய சொற்கள் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் அந்த மூன்றையும் ‘கான்’ என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும். இவற்றில் காதின் முதல் ஒலியும் பாட்டின் முதல் ஒலியும் இரு மொழிக்காரர்களின் வாயிலும் இருக்கின்றன. ஒருவருக்கு அவை வேறுபாடு, இன்னொருவருக்கு வெறும் சத்தம்.

சோதனையில் தவறு நடக்கும் இடங்களும் உண்டு. முதல் தவறு, காதை விட்டுவிட்டு எழுத்தை நம்புவது. மரம், மறம் என்பது ஏட்டில் அழகான இணை. இன்றைய பேச்சில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அங்கே ஒலி வேறுபாடு இல்லை, எழுத்து வேறுபாடு மட்டுமே. எதிர்த்திசைத் தவறும் நடக்கும். இரக்கத்துக்குரியது என்ற பொருளில் ‘பாவம்’ என்பதையும், முகபாவம் என்ற பொருளில் ‘பாவம்’ என்பதையும் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் வேறுபாடு இல்லை. பலர் பேச்சில் முதல் ஒலி தெளிவாக வேறுபடுகிறது. கடன்சொற்கள் வந்து குடியேறும்போது, அதுவரை சத்தமாக இருந்தது வேறுபாடாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இது அடையாளம். இரண்டாவது தவறு, இரண்டு இடங்களில் மாறும் இணைகளை எடுத்துக்கொண்டு, எந்த மாற்றம் பொருளை மாற்றியது என்று தெரியாமல் திண்டாடுவது.

ழகரத்தை ளகரமாகப் பேசுகிறவர்களைப் பார்த்து ‘மொழி கெட்டது’ என்று சொல்வது பொதுவழக்கம். இந்தக் கோணத்தில் பார்த்தால் காட்சி வேறு. அவர்கள் மழையை ‘மளை’ என்கிறார்கள். மலையை மலை என்றே சொல்கிறார்கள். ஒலி மாறிவிட்டது, வேறுபாடு அப்படியே இருக்கிறது. மழையும் மலையும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. வாழையும் வாளை மீனும் மட்டும் ஒரே ஒலியில் வந்து விழுகின்றன. அங்கே சூழல் கைகொடுக்கிறது. ஆக, மொழி காப்பாற்ற முயல்வது குறிப்பிட்ட ஒலிகளை என்பதைவிட, அவற்றுக்கு இடையிலான தூரத்தை என்று சொல்வது பொருத்தம்.

இந்தத் தூரங்களை நாம் மிக இளமையிலேயே கற்றுக்கொள்கிறோம். 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சூழலில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள், இந்தியிலுள்ள பல்லொலித் தகரத்துக்கும் வளைநா டகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தார்கள். 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் மங்கிவிட்டது. காது கெடவில்லை. எந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டாம் என்று தாய்மொழி கற்றுக்கொடுத்துவிட்டது.

சொல்லின் மதிப்பு

சுவிட்சர்லாந்து மொழியியலாளர் ஃபெர்டினான்ட் டி சசூர் 1907க்கும் 1911க்கும் இடையில் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மூன்று முறை பொதுமொழியியல் பாடம் நடத்தினார். 1913இல் இறந்தார். 1916இல் வெளிவந்த நூல் அவர் எழுதியதன்று; மாணவர்களின் குறிப்பேடுகளை வைத்து சார்ல் பாயியும் ஆல்பெர் செஷேயும் தொகுத்தது, அவ்விருவருமே அந்த வகுப்புகளில் உட்காராதவர்கள். எனவே ‘சசூர் சொன்னார்’ என்று வரும் இடங்களில் கொஞ்சம் நிதானம் தேவை.

அவர் விளக்கத்தில் மொழிக்குறி இரண்டு பக்கம் கொண்டது. ஒலிவடிவம் குறிப்பான், அது எழுப்பும் கருத்து குறிப்பீடு. இரண்டையும் இணைப்பது இயற்கையின் கட்டாயம் அன்று, சமூக வழக்கு. நம் இலக்கண மரபு ‘இடுகுறி’ என்று அழைப்பதற்கு மிக அருகில் வரும் கருத்து இது. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. அது காரணமே கிடையாது என்று சொல்லவில்லை. வெளிப்படையாகத் தோன்றாது என்று மட்டும் சொல்கிறது. சசூர் அதைவிட ஒரு படி கடுமையானவர்.

இடுகுறி என்றால் ஆளுக்கு ஆள் நினைத்தபடி மாற்றிக்கொள்ளலாம் என்று பொருளில்லை. தொடக்கநிலை வாசகர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. காரணம் இல்லாததால்தான் மாற்றுவது கடினம்: ‘இந்தச் சொல்லைவிட அந்தச் சொல் பொருத்தம்’ என்று வாதாடப் பிடிமானம் இல்லை, எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டுமே இருக்கிறது.

அடுத்த படி, மதிப்பு. ஒரு மதிப்பீட்டுத் தாளில் மோசம், சுமார், நன்று என்று மூன்று நிலைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ‘நன்று’ கிடைத்தால் மகிழ்ச்சி. அதற்கு மேல் எதுவும் இல்லை. இப்போது நிலைகளை நன்று, மிக நன்று, மிகச் சிறப்பு என்று மாற்றுங்கள். அதே ‘நன்று’ உங்களுக்குக் கிடைக்கிறது. நீங்கள் கடைசியில் நிற்கிறீர்கள். சொல்லில் ஒரு எழுத்தும் மாறவில்லை, அகராதிப் பொருளும் மாறவில்லை; பக்கத்தில் நிற்கும் சொற்கள் மாறின, அவ்வளவுதான். ஒரு சொல் என்ன சொல்கிறது என்பதை அதன் அண்டைச் சொற்கள் எல்லை போட்டுத் தருகின்றன. மூன்று நிலைகளில் ஒன்றை நீக்கினால், மீதி இரண்டும் அதன் இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

சசூரே கையாண்ட உவமை சதுரங்கம். குதிரைக் காய் தொலைந்துபோனால் ஒரு பொத்தானை வைத்து ஆட்டத்தைத் தொடரலாம்; மற்றக் காய்களிலிருந்து அதைப் பிரித்தறிய முடிந்து, குதிரையின் நகர்வுகளைக் கொடுத்துவிட்டால் போதும். மரமா தந்தமா என்பது ஆட்டத்துக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் பலகைக்கு வெளியே எடுத்துவிட்ட குதிரை வெறும் மரத்துண்டு.

‘மொழியில் வேறுபாடுகள் மட்டுமே உள்ளன’ என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குச் சற்றுப் பின்னால் வருவதைப் பலர் படிப்பதில்லை. ஒலியைத் தனியாகவும் கருத்தைத் தனியாகவும் எடுத்தால்தான் வெறும் வேறுபாடு. இரண்டும் ஒட்டிய முழுக்குறி நேர்மறையான ஒன்று என்றும், குறிக்கும் குறிக்கும் இடையே இருப்பது எதிர்நிலை என்றும் அதே பகுதி சொல்கிறது. இதை விட்டுவிட்டுப் படித்தால் மொழி காற்றில் தொங்குவதுபோல் ஆகிவிடும்.

இந்தச் சிந்தனை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 5, 6ஆம் நூற்றாண்டில் பௌத்த அளவையியலாளர் திக்நாகர் அபோகம் என்ற கொள்கையை முன்வைத்தார். ‘பசு’ என்ற சொல் எல்லாப் பசுக்களிலும் உறையும் ஏதோ ஒரு பொதுச்சாரத்தைச் சுட்டவில்லை. பசு அல்லாதவற்றை விலக்குகிறது. பசுத்தன்மை என்ற ஒன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது வாதம். வேத விளக்க மரபான மீமாம்சையைச் சேர்ந்த குமாரிலர் இதைக் கூர்மையாக மறுத்தார்: பசு அல்லாதது எது என்று அறிய முதலில் பசுவை அறிந்திருக்க வேண்டுமே, இது வட்டமாகச் சுற்றவில்லையா? அந்தக் கேள்வி இன்றைக்கும் வலுவானது. வேறுபாடு மட்டும் போதுமா, பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டாமா?

நிறங்களைப் பற்றிய ஆய்வுகள் இதற்கு ஒரு பகுதி விடை தருகின்றன. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொற்கள். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு நீலச் சாயல்கள் அந்த எல்லைக்கு இருபுறமும் இருந்தபோது ரஷ்ய மொழியினர் அவற்றை விரைவாகப் பிரித்தறிந்தார்கள். ஆங்கிலம் பேசுவோரிடம் அந்த விரைவு தென்படவில்லை. மொழி போடும் கோடு பார்வையின் வேகத்தையே தொடுகிறது. மறுபுறம், 1969இல் பெர்லினும் கேயும் 20 மொழிகளின் பேசுநர்களை வைத்து ஆராய்ந்தபோது, நிறச்சொற்களின் எல்லைகள் வேறுபட்டாலும், ‘மிகச் சரியான சிவப்பு எது’ என்பது போன்ற கேள்விகளுக்கான விடைகள் மொழி கடந்து நெருங்கி வந்தன. கண்ணின் அமைப்பு சில இடங்களை முன்பே மேடாக்கி வைத்திருக்கிறது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் மொழிக்கு உரிமை இருக்கிறது. ‘எல்லாமே மொழி உண்டாக்கியது’ என்று சொல்கிறவர்களை இந்த இடத்தில் நாங்கள் பின்தொடர மாட்டோம்.

‘நான்’ எங்கே தொடங்குகிறது

‘மரம்’ என்ற சொல்லை யார் சொன்னாலும் மரம்தான். ‘நான்’ அப்படியில்லை. சொல்லும் வாய் மாறும்போதெல்லாம் அது சுட்டும் ஆளும் மாறுகிறது. பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் 1958இல் எழுதிய கட்டுரையில் இதிலிருந்து ஒரு பெரிய முடிவுக்கு வந்தார்: ஒருவர் தன்னை ஒரு தன்னிலையாக அமைத்துக்கொள்வது மொழிக்குள்தான், அதுவும் எதிரில் ஒரு ‘நீ’ இருக்கும்போதுதான். நான் என்று நீங்கள் சொல்லும்போது நான் உங்களுக்கு ‘நீ’. அடுத்த நொடி இடம் மாறுகிறது. அவன், அவள், அது ஆகியவை இந்த உரையாடலுக்கு வெளியே நிற்பவை. அவர்களைப் பற்றிப் பேசலாம், அவர்கள் பேச்சில் பங்கெடுப்பதில்லை.

தமிழ் இங்கே இன்னும் நுட்பமான கருவி ஒன்றை வைத்திருக்கிறது. ‘நாளைக்கு நாம் கிளம்புகிறோம்’, ‘நாளைக்கு நாங்கள் கிளம்புகிறோம்’. வினைமுற்று இரண்டிலும் ஓம் என்றே முடிகிறது. வேறுபாடு முழுவதையும் பெயர் ஒன்றே தாங்குகிறது. முதல் வாக்கியத்தைக் கேட்டவர் பெட்டியைக் கட்டத் தொடங்கலாம். இரண்டாவதைக் கேட்டவருக்கு வழியனுப்பும் வேலைதான். எதிரில் நிற்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் முடிவுசெய்யாமல் தமிழில் இந்தப் பெயரைச் சொல்லவே முடியாது. ஒரு அறிக்கையையோ மேடைப்பேச்சையோ எடுத்து, ‘நாம்’ வரும் இடங்களையும் ‘நாங்கள்’ வரும் இடங்களையும் இரண்டு நிறத்தில் கோடிட்டுப் பாருங்கள். பொறுப்பேற்க வேண்டிய இடத்தில் நாம், பெருமைப்படும் இடத்தில் நாங்கள் என்று மாறும் பேச்சுகள் அடிக்கடி கண்ணில் படும்.

அடையாளத்தில் வேறுபாடு சமதரையில் நடப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘எழுத்தாளர்’ என்கிறோம், ‘பெண் எழுத்தாளர்’ என்கிறோம், ‘ஆண் எழுத்தாளர்’ என்று தேவை வந்தாலொழியச் சொல்வதில்லை. 1930களில் திருபெட்ஸ்கோயும் யாகோப்சனும் ஒலிகளை ஆராயும்போது உருவாக்கிய கருத்து இதற்குப் பொருந்தும்: ஒரு இணையில் ஒன்று குறியிடப்பட்டது, மற்றது குறியிடப்படாதது. குறியிடப்படாதது தன்னைப் ‘பொது’ என்று காட்டிக்கொள்ளும். ஆனால் இது பாலினத்தில் ஒட்டிக்கொண்ட நிரந்தரக் குணமும் இல்லை. ‘செவிலியர்’ என்று சொல்லிப் பாருங்கள். இங்கே ‘ஆண் செவிலியர்’ என்றுதான் அடைமொழி சேர்கிறது. எதிர்பார்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் அடைமொழி தேவைப்படாமல் போகிறது. சோதனை முன்பு சொன்னதேதான்: அடைமொழியை எடுத்துவிட்டு அதன் எதிர்ச்சொல்லைப் போடுங்கள். காதுக்கு விசித்திரமாகப் பட்டால், ‘பொது’ என்று எண்ணியது யாருடைய இடம் என்று தெரிந்துவிடும். பேச்சிலும் இதே கதைதான். ‘இழுத்துப் பேசுகிறார்கள்’ என்று மற்றவர்களைப் பற்றித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஒலியும் அடையாளமும் கைகோக்கும் இடத்தை அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் காட்டினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் 1961இல் களப்பணி செய்து 1963இல் முடிவுகளை வெளியிட்டார். கோடையில் சுற்றுலாப் பயணிகள் வந்து குவியும் தீவு அது. அங்கே ஐ, ஔ போன்ற கூட்டுயிர்களின் தொடக்கத்தைச் சிலர் வாயின் நடுப்பகுதிக்கு நகர்த்தி உச்சரித்தார்கள். யார் அதிகம்? சில்மார்க் பகுதி மீனவர்கள். தீவிலேயே இருக்க உறுதிகொண்டவர்கள். வெளியே போய்விட நினைத்தவர்களிடம் அது குறைவு. அந்த உயிரொலிக்குத் தீவோடு இயற்கையான தொடர்பு எதுவும் இல்லை. வந்துபோகிறவர்கள் அப்படி உச்சரிக்கவில்லை; அது போதுமானதாக இருந்தது. பேசியவர்கள் பெரும்பாலும் இதை உணர்ந்து செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வேறுபாடு எவ்வளவு சிறிதாக இருந்தால் போதும்? சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெலும் உடன் ஆய்வாளர்களும் 1971இல் வெளியிட்ட பிரிஸ்டல் சோதனைகள் இதற்குக் கிட்டத்தட்ட அடிமட்டத்தைத் தொட்டன. 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களிடம், க்ளே, காண்டின்ஸ்கி ஓவியங்களில் எது பிடித்தது என்பதை வைத்து அவர்களைப் பிரித்திருப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது கண்மூடித்தனமாக. பிறகு ஒவ்வொருவரும், தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ளாமல், முகம் தெரியாத இருவருக்குப் புள்ளிகளைப் பங்கிட வேண்டும்; புள்ளிகளுக்குப் பணம் உண்டு. ஒரு பட்டியலில் ஒரு முனை, தன் குழுவினருக்கு 19, மற்றவருக்கு 25. மறுமுனை, தன் குழுவினருக்கு 7, மற்றவருக்கு 1. தன் குழு அதிகம் பெற வேண்டும் என்பது மட்டும் நோக்கமாக இருந்தால் முதல் முனைக்கே போயிருக்க வேண்டும். மாணவர்கள் இரண்டாவது முனைப் பக்கம் சாய்ந்தார்கள், கடைசிவரை போகாவிட்டாலும். மொத்தமாகக் கிடைப்பதைவிட இடைவெளி பெரிதாகப் பட்டது.

நார்வே நாட்டு மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் இனக்குழுக்களைப் பற்றி எழுதியபோது சொன்னதும் இதோடு சேர்த்து வைக்கத் தக்கது. ஒரு குழுவைக் குழுவாக நிறுத்துவது உள்ளே இருக்கும் பண்பாட்டுச் சரக்கு என்பதைவிட, அதைச் சுற்றிய எல்லை. உள்ளே இருப்பது தலைமுறைதோறும் மாறலாம், ஆட்கள் எல்லையைத் தாண்டிப் போய் வரலாம். எல்லை நிற்கும்வரை குழு நிற்கும். மழை ‘மளை’ ஆன பிறகும் மலையிலிருந்து பிரிந்தே நிற்பதை நினைத்துக்கொண்டால், பார்த் சொல்வது அந்நியமாகத் தோன்றாது.

அடிக்கடி நேரும் மூன்று பிழைகள்

வேறுபாடும் பகையும் ஒன்றென எடுத்துக்கொள்வது மிகப் பரவலான பிழை. ‘எதிரி இல்லாமல் அடையாளம் இல்லை’ என்று இந்தக் கோட்பாட்டைச் சுருக்குகிறவர்கள் உண்டு. ல, ள, ழ மூன்றும் ஒன்றையொன்று வெறுப்பதில்லை. ஒன்றாக ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. எதிர்வுகள் எல்லாம் இரண்டிரண்டாகத்தான் வரும் என்பதும் தேவையில்லை. இரண்டாகச் சுருக்கி, ஒன்றை மேலே வைப்பது மொழியின் கட்டாயமன்று, ஒரு சமூகத்தின் ஏற்பாடு. தாஜ்ஃபெலின் மாணவர்கள் காட்டுவதுபோல் மிக எளிதில் நிகழ்ந்துவிடும் ஏற்பாடு.

இரண்டாவது, அடையாளம் வேறுபாட்டால் உண்டானது என்றால் அது பொய் என்று முடிவுகட்டுவது. பணத்தாளின் மதிப்பும் சாரத்தில் இல்லை. அதற்காக யாரும் அதைத் தெருவில் வீசுவதில்லை.

மூன்றாவது பிழை, அமைப்பு ஒரே இடத்தில் உறைந்து நிற்பதாக நினைப்பது. இங்கேதான் பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதா வருகிறார். 1968 ஜனவரியில் பாரிஸில் ஆற்றிய உரையில், ‘வேறுபாடு’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் ஒரு உயிரெழுத்தை மாற்றிப் புதுச்சொல் ஒன்றை ஆக்கினார். காதுக்கு இரண்டும் ஒன்றே. கண்ணுக்கு மட்டும் வேறு. ழகரமும் ளகரமும் கலந்துவிட்டவர் வாயில் வாழையும் வாளையும் நிற்கும் நிலை அது. அந்த ஒரு சொல்லில் வேறுபடுதல், தள்ளிப்போடுதல் என்ற இரண்டு பொருளையும் ஏற்றினார். ஒரு சொல்லின் பொருள் மற்றச் சொற்களைச் சார்ந்தது என்றால், அந்தச் சொற்களும் வேறு சொற்களைச் சார்ந்தவை. அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் சொற்கள்தான் கிடைக்கின்றன. அவற்றைத் தேடினால் இன்னும் சொற்கள். முழுமையாகக் கையில் வந்து சேரும் பொருள் எப்போதும் அடுத்த படிக்குத் தள்ளிப்போகிறது. விலக்கப்பட்ட சொற்களின் தடம் சொல்லப்பட்ட சொல்லுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

‘அப்படியானால் எதற்கும் பொருளில்லை’ என்று சிலர் இதைக் கேட்டுவிட்டுச் சொல்வார்கள். தெரிதா அதைச் சொல்லவில்லை. பேச்சு நடக்கிறது, ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, மருந்துச் சீட்டு படிக்கப்படுகிறது. சூழல் ஒவ்வொரு முறையும் தேவையான அளவுக்குப் பொருளை நிறுத்திவைக்கிறது. எந்த நிறுத்தமும் கடைசி நிறுத்தம் இல்லை என்பதுதான் அவர் வைக்கும் நிபந்தனை. ‘நன்று’ என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கலாம்; அடுத்த ஆண்டு அளவுகோலில் யாராவது இன்னொரு நிலையைச் சேர்த்தால், பழைய தாளில் இருக்கும் ‘நன்று’வையும் வேறு மாதிரிதான் படிப்பார்கள்.